மூன்று பேர், ஒரு பாய்ப்படகு, 2,700 கடல் மைல்: அட்லாண்டிக்கைக் கடப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு டிசம்பரில், ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து கரீபியனில் இருக்கும் செயின்ட் லூசியாவுக்கு, 12 மீட்டர் நீளமுள்ள பாய்ப்படகில் போய்ச் சேர்ந்தேன். படகில் மூன்றே பேர். படகின் சொந்தக்காரர்களான, அறுபதைத் தாண்டிய கணவன் மனைவி. மூன்றாவது ஆள் நான். 20 நாள் ஆயிற்று. ஊர் திரும்பிய நாள் முதல் கல்யாணப் பந்தியிலும் சலூன் நாற்காலியிலும் அதே கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பாதிப் பதிலில் பாயசம் வந்துவிடுவதால், முழுப் பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

சொற்கள் பற்றி ஒரு குறிப்பு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் ஒரு நாட். படகின் தலைவரை ஆங்கிலத்தில் ஸ்கிப்பர் என்பார்கள். நம் கடற்கரையில் அதற்குத் தண்டையல் என்ற நல்ல சொல் இருக்கிறது. நான் அதையே எழுதுகிறேன். எங்கள் படகில் அந்தக் கணவர்தான் தண்டையல்.

பெரிய புயலில் மாட்டினீர்களா?

இல்லை. கேட்டவர் முகம் வாடிப்போவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்; என்ன செய்ய, இல்லை என்பதுதான் உண்மை. அட்லாண்டிக்கின் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அது முடியும் தறுவாயில் கிளம்புவதுதான் இந்தப் பயணத்தின் முதல் விதி. டிசம்பரில் வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று நிலைத்துவிடும். 15 முதல் 25 நாட் வேகத்தில், இரவு பகல் பாராமல், முதுகுக்குப் பின்னாலிருந்து வீசும்.

இடையிடையே சூறைமழை வரும். பின்னால் அடிவானத்தில் ஒரு கறுத்த மேகம், அதன் கீழே சாம்பல் திரை. வந்தால் பத்து இருபது நிமிடம் காற்று 30 நாட்டைத் தாண்டும், மழை கொட்டும், போய்விடும். அதற்காகவே மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் பாயைச் சுருக்கிக் கட்டிவிடுவோம். இருட்டில் சுருக்குவதைவிட வெளிச்சத்தில் சுருக்குவது எளிது. இரவில் அரை நாட் வேகம் குறைந்தால் யாரும் அழப்போவதில்லை.

என்னைக் கேட்டால், சிறிய குழுவுக்குக் கடலில் இருக்கும் பகை காற்றல்ல, தூக்கமின்மை. கீழே பல பதில்கள் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் போதாதா? ஏன் தெற்கே போய்த் திரும்புகிறார்கள்?

நேர்க்கோட்டில் காற்று இருக்காது. "வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, பிறகு வலப்பக்கம் திரும்பு" என்பது மாலுமிகளின் பழைய வாய்மொழி. ஃபிரிட்ஜ் வந்த பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. கனேரியிலிருந்து தென்மேற்காக இறங்கி, வியாபாரக் காற்று பிடிபட்டதும் மேற்கே திரும்பவேண்டும். 1492இல் கொலம்பஸும் இந்தத் தீவுக்கூட்டத்தில் உள்ள லா கோமெராவிலிருந்துதான் செப்டம்பர் 6 அன்று கிளம்பினார். அக்டோபர் 12இல் கரையைக் கண்டார். இன்று பார்த்தால் அது சூறாவளிப் பருவத்தின் உச்சம். அவருக்கு அதிர்ஷ்டம், வேறென்ன.

சிலர் வழியில், ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே இருக்கும் கேப் வெர்டே தீவுகளின் மிண்டெலோவில் நின்று காய்கறியும் டீசலும் வாங்கிக்கொள்வார்கள். லாஸ் பால்மாஸிலிருந்து அது சுமார் 850 கடல் மைல். நாங்கள் நிற்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் கடக்கும்போது சஹாராவின் செந்தூசி பறந்து வந்து, காற்று வரும் பக்கத்துக் கயிறுகளை எல்லாம் காவி நிறமாக்கிவிட்டது.

எத்தனை நாள் ஆகும்? எஞ்சின் போட்டால் சீக்கிரம் போகலாமே?

எங்கள் அளவுப் படகுக்குப் பொதுவாக மூன்று வாரம். நாளொன்றுக்குச் சராசரி 135 கடல் மைல் ஓடினோம். அது ஐந்தரை நாட்டுக்குச் சற்று மேல். தெருவில் சைக்கிளை மெதுவாக மிதிக்கும் வேகம்.

எஞ்சின் இருந்தது. 200 லிட்டர் டீசலும் இருந்தது. மணிக்கு இரண்டரை லிட்டர் குடிக்கும் எஞ்சின் 80 மணி நேரம் ஓடும். அதற்குள் 440 கடல் மைல் போகலாம். மொத்தத் தூரத்தில் ஆறில் ஒரு பங்கு. மிச்சத்துக்குக் காற்றை நம்பித்தான் ஆகவேண்டும்.

இரவில் நங்கூரம் போட்டுவிட்டுத் தூங்குவீர்களா?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. கேட்பவர்களைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம்; பஸ்கூட இரவில் எங்காவது டீக்கடையில் நிற்கிறதே. ஆனால் அங்கே கடலின் ஆழம் பல இடங்களில் நாலைந்து கிலோமீட்டர். எங்கள் நங்கூரச் சங்கிலி 60 மீட்டர்.

படகு 24 மணி நேரமும் ஓடும். ஒருவர் எப்போதும் விழித்திருப்பார். எங்கள் இரவு இப்படி: 9 முதல் 12 வரை அந்த அம்மா, 12 முதல் 3 வரை நான், 3 முதல் 6 வரை தண்டையல். பகலில் முறை கொஞ்சம் தளர்வாக இருக்கும். யாருக்குக் கண் சொக்குகிறதோ அவர் படுப்பார். கணக்குப்படி ஆளுக்கு ஆறு மணி நேரம் ஓய்வு. அந்த ஆறில் சாப்பாடு, கழுவல், பழுது எல்லாம் போக, சேர்ந்தாற்போல் நான்கு மணி நேரம் தூங்கினால் அது தீபாவளி.

முறையில் இருப்பவரின் கழுத்தில் சமையலறை மணி ஒன்று தொங்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கும். அடித்ததும் எழுந்து, அடிவானத்தை ஒரு முழு வட்டம் சுற்றிப் பார்க்கவேண்டும். ஏன் 15? பெரிய கப்பலின் கம்பவிளக்கு ஆறு கடல் மைல் தூரத்துக்காவது தெரியவேண்டும் என்பது சர்வதேச விதி. 18 நாட்டில் எதிரே வரும் சரக்குக் கப்பலும் 6 நாட்டில் போகும் நாமும் சேர்ந்து 24 நாட்டில் நெருங்குகிறோம். ஆறு மைல் தீர 15 நிமிடம். தொலைவில் விளக்கு இல்லை என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தால், அடுத்த மணி அடிப்பதற்குள் நம்மீது ஏறிவிடக்கூடிய கப்பல் அது.

ஏஐஎஸ் என்ற கருவியும் உண்டு. கப்பல்கள் தம் பெயர், இடம், வேகம் ஆகியவற்றை வானொலியில் அறிவித்துக்கொண்டே போகும்; நம் திரையில் அவை சிறு முக்கோணங்களாகத் தெரியும். 20 நாளில் நாங்கள் கண்ணால் பார்த்த கப்பல்கள் ஐந்து. அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று எண்ணவேண்டாம். கருவி இல்லாத படகும், நீரில் பாதி முழுகிய கண்டெய்னரும் அந்தத் திரையில் வராது.

அந்த மூன்று மணி நேரமும் சுக்கானைப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டுமா?

வேண்டாம், பிடித்திருந்தால் மூன்றாம் நாளே மூவரும் படுத்திருப்போம். சிறு குழுவின் நான்காவது ஆள் தானியங்கிச் சுக்கான்தான். இரண்டு வகை உண்டு. ஒன்று மின்சாரத்தில் ஓடும் ஆட்டோபைலட். திசைகாட்டியைப் பார்த்து ஓட்டும். இன்னொன்று படகின் அமரத்தில், அதாவது பின்முனையில், நிற்கும் காற்றுச் சுக்கான். ஒரு தகடு காற்றை உணரும், நீருக்குள் இருக்கும் துடுப்பு அந்த அசைவைப் பெருக்கிச் சுக்கானை இழுக்கும். மின்சாரமே கேட்காது. காற்று திசை மாறினால் படகும் கூடவே திரும்பும்.

எங்களிடம் மின்சாரத்தில் ஓடுவது மட்டும் இருந்தது. அதன் பசி கொஞ்சமல்ல. ஒரு நாளைக்கு 120 ஆம்பியர்-மணி. ஃபிரிட்ஜும் விளக்கும் சேர்ந்தால் 200. சூரியத் தகடுகள் முக்கால் பங்கைக் கொடுத்தன; மிச்சத்துக்கு எஞ்சினை ஒரு மணி நேரம் ஓட்டி மின்கலத்தை நிரப்புவோம். காற்றுச் சுக்கான் வாங்க இடமிருந்தால் வாங்கிவிடுங்கள் என்பேன். காரணம் அடுத்த பதிலில்.

தூக்கம் குறைந்தால் அப்படி என்ன ஆகிவிடும்?

பதினோராவது இரவைச் சொல்கிறேன். அதற்கு முந்தைய பகலில் எனக்குத் தூக்கமே இல்லை. பின்காற்றில் படகு இருபக்கமும் உருளும். உருளும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் அலமாரிக்குள் ஒரு டின் 'டொக்' என்று இடித்தது. மூன்று அலமாரிகளைக் காலி செய்தும் அந்த டின் அகப்படவில்லை. இரவு 12 மணிக்கு மேலே வந்து உட்கார்ந்தேன். இரண்டரை மணி வாக்கில் நீர் ஓடும் சத்தத்துக்குள் பேச்சுக்குரல் கேட்டது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் பாத்திரம் கழுவியபடி அக்கா யாரையோ கூப்பிடுகிறாள். தெளிவாகத் தமிழில். இது கிறுக்கல்ல, தூக்கம் கெட்ட மாலுமிகள் பலர் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். அக்கா யாரைக் கூப்பிடுகிறாள் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்ததில், பின்னால் ஏறி வந்த சூறைமழையைப் பார்க்கவில்லை.

மழைக்கு முன் காற்று சட்டென்று 30 பாகை திரும்பியது. ஆட்டோபைலட்டுக்குக் காற்று தெரியாது, திசைகாட்டி மட்டும்தான் தெரியும். அது பழைய திசையிலேயே விடாப்பிடியாக ஓட்டியது. பெரிய பாயின் பின்பக்கம் காற்று புகுந்தது. இந்த நிலையில் பாயின் அடியில் இருக்கும் பூம் என்ற கட்டை முழு வேகத்தில் மறுபக்கம் அடித்துத் திரும்பும். குறுக்கே தலை இருந்தால் தலை போகும். தலை இல்லாவிட்டால் பாய்மரத்தின் பிடிப்பு போகும். அதற்காகவே பூமின் நுனியை ஒரு கயிற்றால் அணியத்துக்கு, படகின் முன்முனைக்கு, இழுத்துக் கட்டியிருப்பார்கள். அன்று அந்தக் கயிறு வில்நாண் போல விறைத்து, முறுக்கி, நின்றது. அறவில்லை. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

நான் ஆட்டோபைலட்டை நிறுத்திச் சுக்கானைப் பிடிப்பதற்குள் தண்டையல் உள்ளாடைமீது, ஆளைப் படகோடு பிணைக்கும் பிணைவாரை மாட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார். இருவருமாகப் படகை நேராக்கினோம். ஒரு சொல் திட்டவில்லை. கயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "கீழே போய்ப் படு" என்றார். மறுநாள் இரவு என் முறையைக் கணவனும் மனைவியும் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒன்பது மணி நேரம் தூங்கினேன். எழுந்தபோது சமையல் மேடையில் ஒரு பட்டாணி டின் தனியாக உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா கண்டுபிடித்திருந்தார். அது அலமாரியிலேயே இல்லை, என் படுக்கைக்கு அடியில்.

கடலில் தவறி விழுந்தால்?

விழக்கூடாது. இதற்குப் பதில் இவ்வளவுதான். விளக்கம் வேண்டுமானால் சொல்கிறேன். 6 நாட்டில் ஓடும் படகு நொடிக்கு மூன்று மீட்டர் போகிறது. நீங்கள் விழுந்து, யாராவது கவனித்து, பாயை இறக்குவதற்குள் ஒரு நிமிடம் போனால்கூட 185 மீட்டர் தள்ளிப் போய்விடும். இரண்டு மீட்டர் அலைகளுக்கு நடுவே ஒரு தலை, தேங்காய் அளவு. இரவானால் அதுவும் தெரியாது. முறையில் நீங்கள் தனியாக இருந்திருந்தால், நீங்கள் இல்லை என்பதே அடுத்தவர் எழுந்து வரும்போதுதான் தெரியும்.

ஆகவே அணியம் முதல் அமரம் வரை மேல்தளத்தில் நாடாவைக் கட்டி வைத்திருப்பார்கள். இருட்டியதும் மேலே வருபவர் படிக்கட்டில் நிற்கும்போதே பிணைவாரின் கொக்கியை மாட்டிவிடவேண்டும். தனியாக இருக்கும்போது சுக்கான் குழியை, அதாவது சுக்கானருகே உட்காரும் பள்ளத்தை, விட்டு வெளியே போகக்கூடாது. போகவேண்டியிருந்தால் ஒருவரை எழுப்பவேண்டும். எழுப்பத் தயங்குவது மரியாதை அல்ல. ஆண்களுக்கு இன்னொன்று: சிறுநீர் கழிக்க ஓரத்தில் நிற்காதீர்கள். உள்ளே போய், உட்கார்ந்து போங்கள்.

என்ன சாப்பிட்டீர்கள்?

சோறு, பருப்பு, முட்டை, முட்டைக்கோஸ். பிரஷர் குக்கர் எங்கள் கண்கண்ட தெய்வம். மூடி பூட்டிக்கொள்வதால் படகு எப்படி உருண்டாலும் கொதிநீர் மேலே கொட்டாது, எரிவாயுவும் மிச்சம். அடுப்பு ஊஞ்சல்போல் ஆடும், படகு சாய்ந்தாலும் அது மட்டமாக நிற்கும். ஆனாலும் சமைக்கும்போது நீளமான ரப்பர் மேலங்கியைப் போட்டுக்கொள்வோம். நடுக்கடலில் வெந்நீர்க் காயம் பெரிய வினை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் ஏற்றாதீர்கள், கரையிலேயே பிரித்துப் போடுங்கள். அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். குளிர்பெட்டியில் வைக்காத, கழுவாத முட்டையாகக் கேட்டு வாங்கி, நாள்தோறும் புரட்டி வைத்தால் மூன்று வாரம் தாங்கும். தக்காளியைப் பச்சையாக வாங்குங்கள். முட்டைக்கோஸ், வெங்காயம், பூசணி கடைசிவரை வரும். வாழைத்தாரைத் தொங்கவிடுவது படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே நாளில் பழுத்துத் தொலைக்கும்.

கையோடு ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கொண்டுபோயிருந்தேன். நாலாம் நாள் சோற்றில் கிளறிக் கொடுத்தேன். அதன் பிறகு அந்தப் பாட்டிலைத் தண்டையல்தான் அளந்து ஊற்றினார். தோசை மாவு முயற்சி பற்றிக் கேட்காதீர்கள். மாவு பொங்குவதற்கும் படகு சாய்வதற்கும் நேரம் ஒத்துப்போய், கழுவுதொட்டி இரண்டு நாள் புளித்தது.

மீன் விஷயத்தில் கடல் தாராளம். பறவைக்கோலா என்று நம் கரையில் சொல்லும் பறக்கும் மீன்கள் இரவில் தாமாகவே தளத்தில் வந்து விழும். ஒன்று என் மார்பில் வந்து அறைந்தது. இருட்டில் யாரோ ஈரத்துணியால் அடித்தது போலிருந்தது, கூடவே நாற்றம். அக்கரையில் பார்படோஸின் தேசிய உணவில் இந்தக் கோலாவும் உண்டு. தூண்டிலில் டொராடோ என்ற தங்கநிற மீன் இரண்டு அகப்பட்டது. பாதி வழிக்குப் பிறகு சர்காசம் பாசி மஞ்சள் பாய்போல மிதந்து வந்து தூண்டிலைச் சுற்றியதால் அதையும் நிறுத்தினோம்.

குடிநீர்? குளியல்?

தொட்டியில் 400 லிட்டர். ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர் குடிக்க என்று வைத்தால் 20 நாளுக்கு 180 போதும். ஆனால் தொட்டி கெட்டுப்போகலாம், குழாய் ஒழுகலாம். அதனால் 60 லிட்டர் பாட்டில்களில் தனியாக இருந்தது. பாத்திரம் கடல்நீரில். குளியலும் கடல்நீரில் வாளி மொண்டுதான், கடைசியில் ஒரு சொம்பு நல்லநீர். சூறைமழை வந்தால் சோப்போடு மேலே ஓடுவோம். நுரை போட்ட பிறகு மழை நின்றுவிடும் என்பது அட்லாண்டிக்கின் ஒரே நகைச்சுவை.

குமட்டல் வராதா?

வந்தது. முதல் மூன்று நாள் நான் பாரம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். சின்னரிசின் மாத்திரையைக் கிளம்பும் முன்பே போடவேண்டும், வாந்தி தொடங்கிய பின் போட்டால் அதுவும் வெளியே வரும். இஞ்சி மரப்பா எனக்கு உதவியது. அடிவானத்தைப் பாருங்கள், சிறுகச் சிறுகத் தண்ணீர் குடியுங்கள், கீழே போனால் நேராகப் படுத்துவிடுங்கள். முதல் மூன்று நாள் சாப்பாட்டைக் கரையிலேயே சமைத்து எடுத்துக்கொள்வது இதற்காகத்தான்.

எது பழுதாகும்?

எல்லாம். ஆனால் பெரிதாக உடைவதைவிடச் சிறிதாகத் தேய்வதே அதிகம். ஒரு கயிறு ஓர் உலோக ஓரத்தில் உரசுகிறது என்று வையுங்கள். படகு நிமிடத்துக்குப் பத்து முறை உருண்டால் நாளைக்கு 14,400 உரசல். எந்தக் கயிறும் தாங்காது.

தண்டையல் தினமும் காலை பத்து மணிக்குக் காப்பிக் கோப்பையுடன் கிளம்புவார். ஒரு கையில் கோப்பை, மறு கை ஒவ்வொரு கயிற்றையும் ஒவ்வொரு கொக்கியையும் தொட்டுக்கொண்டே போகும். எங்கள் பாட்டி நெல் காயப்போட்ட முற்றத்தை இப்படித்தான் சுற்றி வருவார். கயிற்றில் மயிர் எழும்பியிருந்தால் அரை மீட்டர் விட்டுப் பிடித்து, உரசும் இடத்தை மாற்றுவார், அல்லது பழைய குழாயைக் கிழித்துச் சுற்றுவார். தளத்தில் ஆணியோ திருகோ உதிர்ந்து கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ஏழாம் நாள் ஒரு சிறு ஊசி கிடந்தது. அது எங்கிருந்து விழுந்தது என்று தேட ஒன்றரை மணி நேரம். முன்பாயைப் பக்கவாட்டில் விரித்துப் பிடிக்கும் கழியின் பிடியிலிருந்து. அன்று அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் இரவில் கழி பாயைக் கிழித்திருக்கும்.

நோய் வந்தால், படகு மூழ்கினால் யார் வருவார்கள்?

ஹெலிகாப்டர் வராது, அதன் எட்டும் தூரம் கரையிலிருந்து சில நூறு மைல்தான். வருவது பக்கத்தில் போகும் சரக்குக் கப்பல். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அழைப்பு அனுப்பும் அபாயக் கருவி படகில் கட்டாயம் வேண்டும். அந்த அழைப்பு மீட்பு மையத்துக்குப் போய், அவர்கள் அருகில் இருக்கும் கப்பலைத் திருப்புவார்கள். அது வந்து சேர ஒரு நாளும் ஆகலாம். காற்றடைத்து விரியும் உயிர்காப்பு மிதவை அதற்காகத்தான். படகு உண்மையில் கீழே போகும்வரை மிதவைக்கு மாறாதே என்பது பாடம். கைவிடப்பட்ட பல படகுகள் பிறகும் மிதந்துகொண்டிருந்திருக்கின்றன.

மருத்துவத்துக்கு ரோமில் சிர்ம் என்று ஒரு மையம் இருக்கிறது. 1935 முதல், நடுக்கடலில் இருப்பவர்களுக்கு இலவசமாக வைத்தியம் சொல்கிறது. கிளம்பும் முன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

சுறா? திமிங்கிலம்? கொள்ளையர்?

சுறாவைப் பார்க்கவில்லை. திமிங்கிலத்தின் மூச்சு இரண்டு முறை. 2020 முதல் சுக்கான்களைக் கடித்து உடைக்கும் ஓர்க்கா என்ற கொலைத் திமிங்கிலங்கள் போர்த்துகல், ஸ்பெயின், ஜிப்ரால்டர் கரையோரத்தில் இருக்கின்றன. ஐரோப்பாவிலிருந்து கனேரிக்கு வருபவர்களுக்குத்தான் அந்தக் கவலை. கொள்ளையர் இந்தப் பாதையில் இல்லை.

மூன்று வாரம் மூன்று பேர். சண்டை வராதா?

வந்தது, ஒருமுறை, ஒரு துண்டு சாக்லேட்டுக்காக. அதற்கு மேல் வரவில்லை. ஒரு காரணம், நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்தது குறைவு. மாலை ஐந்து மணிக்கு மட்டும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். இரண்டாவது காரணம், முடிவு யாருடையது என்பதில் குழப்பமே இல்லை. பாய் பற்றித் தண்டையல் சொல்வது சட்டம். சமையலறையில் அவரும் கைகட்டி நிற்பார். படகைத் தேர்ந்தெடுப்பதைவிட ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் அதிக நேரம் செலவிடுங்கள். கிளம்பும் முன் இரண்டு இரவாவது சேர்ந்து கடலில் ஓட்டிப் பாருங்கள். இரவு மூன்று மணிக்கு ஒருவரை எழுப்பினால் அவர் எப்படி எழுந்திருக்கிறார் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

இரண்டே பேரால் முடியுமா?

முடியும். இந்தியக் கடற்படை அதிகாரிகள் தில்னாவும் ரூபாவும் ஐஎன்எஸ்வி தாரிணி என்ற 56 அடிப் பாய்ப்படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, ஃப்ரீமேன்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் என நான்கே இடங்களில் நின்று உலகைச் சுற்றி, 2025 மே மாத இறுதியில் கோவா திரும்பினார்கள். ரூபா புதுச்சேரிக்காரர். தென்பெருங்கடலின் குளிரில், ஒருவர் தூங்கும்போதெல்லாம் இன்னொருவர் தனியாள். அதன் பக்கத்தில் எங்கள் பயணம் மெரினாவில் கால் நனைத்ததுதான். தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் இந்தியர் அபிலாஷ் டோமி, 2013இல் முடித்தார்.

தமிழர்கள் இதற்கு முன் பாய்க்கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்திருக்கிறார்களா?

யாழ்ப்பாணக் கரையின் வல்வெட்டித்துறைக்காரர்களிடம் கேட்டால் எழுந்து நின்று சொல்வார்கள். அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அவ்வூர் மாலுமிகளுடன் அது 1938இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கிளவுஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. ஆட்டோபைலட்டும் இல்லை, ஏஐஎஸ்ஸும் இல்லை.

போன், இணையம்?

இப்போது பல படகுகளில் செயற்கைக்கோள் இணையம் இருக்கிறது. எங்களிடம் இருந்தது வானிலைக் கோப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் வரும் சிறு கருவி. நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு "நலம்" என்று ஒரு வரி போகும். ஒருநாள் தவறினால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். நான் பேசி வைக்கவில்லை, அம்மா உறவு முழுக்க எழுப்பிவிட்டார்.

இரவில் தனியாக என்ன செய்வீர்கள்?

துருவ நட்சத்திரத்தை அளப்பேன். கையை நீட்டி முட்டி பிடித்தால் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து அந்த நட்சத்திரத்தின் உயரமே நாம் இருக்கும் அட்சரேகை. லாஸ் பால்மாஸில் 28 பாகை, மூன்று முட்டிக்குக் கொஞ்சம் குறைவு. செயின்ட் லூசியாவில் 14, ஒன்றரை முட்டி. வாரத்துக்கு அரை முட்டியாக அது இறங்கியது. சிலுவை விண்மீன் கூட்டம் விடியலுக்கு முன் தெற்கே தலைகாட்டத் தொடங்கிய அன்று, பாதி வழிக்கு மேல் வந்துவிட்டோம்.

சொந்தப் படகு இல்லை. எப்படி இடம் கிடைக்கும்? செலவு?

நவம்பரில் லாஸ் பால்மாஸ் படகுத்துறையில் ஆள் தேடும் படகுகளும் படகு தேடும் ஆட்களும் நிறைந்திருப்பார்கள். ஏஆர்சி என்ற கூட்டுப்பயணம் 1986 முதல் ஒவ்வோர் ஆண்டும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பொதுவாக விமான டிக்கெட்டும் சாப்பாட்டுப் பங்கும் நம்முடையது. படகை ஏறிப் பாருங்கள்: மிதவையின் சோதனைத் தேதி, பாய்மரத்தின் பிடிப்புக் கம்பிகளின் வயது, தண்டையல் எத்தனை குடிக்கிறார். மூன்றில் ஒன்று சரியில்லையென்றாலும் நன்றி சொல்லி இறங்குங்கள்.

பாய் ஓட்டத் தெரியாமல் போகவேண்டாம். சென்னையில் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. ஒலிம்பிக் போன நேத்ரா குமணன் பழகியதும் இந்தக் கடலில்தான். சிறு படகில் காற்றைப் படிக்கக் கற்றபின், பெரிய படகில் ஐந்து நாள் குழுப் பயிற்சி ஒன்று எடுங்கள்.

விசா?

ஸ்பெயினுக்கு ஷெங்கன் விசா. கிளம்பும் முன் வெளியேறுவதை எல்லை அதிகாரியிடம் பதிவு செய்தாகவேண்டும். அக்கரையில் படகில் வந்தவர்களிடம் திரும்பிப் போகும் டிக்கெட் கேட்பார்கள். குழுப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கும் தாளில் அதிகாரியின் கையெழுத்தை வாங்கும்வரை நீங்கள் படகைச் சேர்ந்தவர்தான்.

கரை ஏறியதும் முதலில் என்ன செய்தீர்கள்?

ஏறவே விடவில்லை. இன்னும் அனுமதி வாங்காத படகு என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம். தண்டையல் மட்டும் காகிதங்களோடு போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார், கையில் மூன்று ஐஸ் கட்டிப் பானங்கள். பிறகு இறங்கினேன். தரை உருண்டது. படகுத்துறைக் குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு குளித்தேன்.

அன்றிரவு எட்டு மணிக்கே படுத்துவிட்டேன். விழித்தபோது 11.45. சட்டையைப் போட்டு, பிணைவாரை மாட்டி, படிக்கட்டில் பாதி ஏறிய பிறகுதான் படகு கட்டிக் கிடப்பது நினைவுக்கு வந்தது. மேலே அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய முறை முடியப் பதினைந்து நிமிடம் இருந்தது.